முகம் மாற்றிய தகடு

மாஸ்டர் கையில் அடிக்கும் வாடையை வைத்தே அன்று கடைக்கு வரப்போவது யார் என்று சொல்லிவிடலாம். எலுமிச்சை வாடை அடித்தால் வருகிறவர் பெரிய ஆள். மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த நாற்றம் அடித்தால் எங்களைப் போன்றவர்கள். எங்களுக்காக அவர் கை கழுவியதே இல்லை. அந்தக் கறுப்புக் கையாலேயே என் தோளைத் தட்டுவார், என் டீ கிளாஸை எடுத்துக் குடிப்பார். சட்டை முதுகில் ஐந்து விரலும் பதிந்திருப்பதை ரூமுக்குப் போய்த்தான் பார்ப்பேன். மேனேஜர் வருகிறார், ஓட்டல்காரர் வருகிறார் என்று ஒரு போன் வந்துவிட்டால் போதும், பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவி, துடைத்து, முகர்ந்து பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடியும் கழுவுவார். 

ஷார்ஜாவில், எல்லோரும் சனையா என்று சொல்லும் தொழிற்பேட்டைப் பகுதியில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை எங்களுடையது. நான் மவுண்ட் வெட்டுகிறவன். படத்தைச் சுற்றி வருமே ஒரு தடித்த அட்டை, அதில் கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஜன்னல் வெட்டுவது. மாஸ்டர் என்பது நாங்கள் அவரைக் கூப்பிட்ட பெயர். கும்பகோணம் பக்கத்து ஆள், ஓவியக் கல்லூரியில் படித்தவர். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டு அரித்து, கோட்டுக்குள் மையை ஏற்றி, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுக்கிற பழைய வித்தை அவர் கையில் இருந்தது. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

துபாய் ஓட்டல்களில் இங்கிலாந்துப் பாணியில் பார் கட்டுவார்கள். பழுப்பு மரச் சுவர், பித்தளைக் குழாய், சுவர் நிறையக் கேலிச்சித்திரங்கள். ஜார்ஜ் என்ற பெயரில் ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராக இங்கிலாந்தை ஆண்ட காலத்தில், லண்டன் கடை வாசல்களில் இப்படிப் படங்கள் தொங்குமாம். மந்திரிகளையும் பிரபுக்களையும் ராஜாவையுமே விடாமல் கிழித்துப் போட்ட படங்கள். கொக்கு மாதிரிக் கால் நீண்ட மந்திரி, பன்றி மாதிரி வீங்கிய எதிர்க்கட்சித் தலைவன், விக் கழன்று விழ மேஜைக்கு அடியில் எலும்பு பொறுக்கும் பிரபு. அந்த மாதிரியில் மாஸ்டர் புதிதாகத் தகடு செய்து அச்செடுத்து, கலர் தீட்டி, காகிதத்தைச் சுலைமானியில், அதாவது பால் இல்லாத டீயில், முக்கிக் காயவைத்து இருநூறு வயது ஏற்றிவிடுவார். ஓட்டல்காரர்கள் தொட்டுப் பார்த்து அசந்து போவார்கள்.

நானும் அசந்துதான் போனேன். அதிகாரத்தில் இருப்பவனை இப்படி நாறடிக்கலாமா என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. "மாஸ்டர், இதையெல்லாம் பாத்துட்டு அவனுங்க சும்மா இருந்தானுங்களா?" என்று கேட்டேன்.

"சும்மா இருப்பானா? மொதல் காப்பிய எடுத்துட்டுப் போயி, எவனைப் போட்டிருக்கோ அவன்கிட்டயே காட்டுவான் படக்காரன். வெளியில போகணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்கன்னு கும்பிடு போடுவான். அவன் ஏதாச்சும் குடுத்து அமுக்கிடுவான். தொழில்டா அது."

"அது மிரட்டல் இல்லையா?"

"படம் நல்லா இருந்தா மிரட்டல். நல்லா இல்லேன்னா பிச்சை." சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். இன்னொன்றும் சொன்னார். ஆட்சி மாறினால் அந்தக் காலத்தில் புதுத் தகடு செய்ய மாட்டார்களாம். பழைய மந்திரியின் தலையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, அதே தொப்பையில் புது மந்திரியின் தலையைச் செதுக்கிவிடுவார்களாம். "தொப்பை எல்லாருக்கும் ஒண்ணுதான். தலைதான் வேற வேற," என்றார். அதைக் கேட்டு நான் கைதட்டினேன். மனிதர் உலகத்தையே கரைத்துக் குடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உயிரோடு இருக்கும் யாரையாவது வரையச் சொன்னால் மட்டும் நழுவுவார். "நான் சிரிக்கணும்னா அவன் செத்திருக்கணும், வெள்ளைக்காரனா இருக்கணும், இருநூறு வருஷம் ஆயிருக்கணும். மூணும் இருந்தாத்தான்," என்பார். ஜாக்கிரதையான ஆள், வேற்று நாட்டில் இருக்கிறோம், சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் கை சும்மா இருக்காது. ஒரு தடவை மேனேஜரை, பாலக்காட்டுக்காரர், நல்ல பருமன், ஸ்டேப்லர் மேல் உட்கார்ந்திருக்கும் தவளையாக ஒரு துண்டு அட்டையில் போட்டார். நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தபோது மேனேஜரே உள்ளே வந்துவிட்டார். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதாரு வரச்சது?"

மாஸ்டர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "சின்னப் புள்ளத்தனம் சார், நான் கண்டிச்சு வைக்கிறேன்," என்றார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நேர்கோடு போடவே ஸ்கேல் தேடுகிறவன் நான் என்பது மேனேஜருக்கும் தெரியும். இருந்தாலும் அவருக்குக் கோபத்தை இறக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, நான் ஒரு மாதம் வெள்ளிக்கிழமை லீவு இல்லாமல் டியூட்டி பார்த்தேன். "உனக்கென்னடா, நாலு வெள்ளிக்கிழமை. என்னைத் தூக்கிட்டா இந்தக் கடையே இல்ல," என்றார் மாஸ்டர். மன்னிப்புக் கேட்கும் தொனிகூட இல்லை, கணக்குச் சொல்லும் தொனி. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

செல்வராசு என் ரூம்காரன். பெரம்பலூர் பக்கம். சைட்டில் சாரம் சரிந்து விழுந்து கால் உடைந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டிப் படுத்திருந்த நாட்களில், அவன் வேலையை விட்டு ஓடிப்போய்விட்டதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தவன் ஓடிப்போனானாம்! அந்தப் புகாரைக் கம்பெனி வாபஸ் வாங்கினால்தான் அவன் ஊருக்கு விமானம் ஏற முடியும் என்றார்கள். இன்சூரன்ஸும் போயிற்று. கிளினிக்கில் கட்டு மாற்றுவதோடு சரி. உள்ளே சீழ் வைக்க ஆரம்பித்தது. சீக்கிரம் ஊருக்குப் போய் மறுபடியும் ஆபரேஷன் செய்யாவிட்டால் காலைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர் மனது வைத்தால் ஒரு போனில் முடிந்துவிடும் என்றார்கள். தலைவர் லேபர் சப்ளை செய்கிறவர், அந்தக் கம்பெனி ஆட்களோடு பழக்கம் உள்ளவர், ஊர்க் கட்சி ஒன்றுக்கு வளைகுடாவில் பொறுப்பாளரும்கூட. போய்க் கேட்டோம். பொங்கல் விழா மேடைக்குக் கூட்டி வரச் சொன்னார். எங்கள் கடைக்கே ஒரு ஆர்டரும் வந்தது, ஆறடி நீளத்தில் அட்டையில் ஒரு விமான டிக்கெட். நான் வெட்டினேன், மாஸ்டர் எழுத்து எழுதினார். மேடையில் தலைவர், "கம்பெனியோட பேசிட்டேன். தம்பி செல்வராசு ஊருக்குப் போறாரு," என்று அறிவித்து அந்த அட்டையைக் கொடுத்தார். கைத்தட்டல், போட்டோ. ஊன்றுகோலைப் பிடிப்பதா அட்டையைப் பிடிப்பதா என்று தெரியாமல் செல்வராசு தடுமாறினான்.

தலைவர் போன் செய்யவே இல்லை. நாங்கள் கூப்பிட்டபோதெல்லாம், "பேசியாச்சு தம்பி, பைல் மூவ் ஆகுது," என்றார். உதவ வந்த வேறு இரண்டு பேரும், தலைவர்தான் முடித்துவிட்டாராமே என்று போய்விட்டார்கள். டிக்கெட் எங்கள் ரூமில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நின்றது. வேறு இடம் இல்லாததால் அதன் மேல் ஈரத்துண்டு காயப்போட்டோம். வாரத்துக்கு வாரம் செல்வராசுவின் கணுக்கால் கறுத்துக்கொண்டு வந்தது. ரூமுக்குள் அந்த வாடை. "அண்ணே, நாத்தம் அடிக்குதாண்ணே?" என்று அவன் கேட்பான். இல்லை என்போம்.

இதை நான் மாஸ்டரிடம் ஒருநாள் கொட்டித் தீர்த்தேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அந்தக் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. "டிக்கெட்டு மேல துண்டு காயுதா? நெசமாவா? அந்தப் பையன் போட்டோ இருந்தா அனுப்பு," என்றார்.

நாலு நாளில் தகடு தயார். அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி, கம்பளியை விலக்கி, ஈரக் காகிதத்தை ஓரத்தில் பிடித்து அவர் உரித்து எடுத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆறடி டிக்கெட்டைக் கட்டில் மாதிரி விரித்து, அதன் மேல் தொப்பை சரியச் சாய்ந்திருக்கிறார் தலைவர். அதே வெள்ளைச் சட்டை, அதே மூன்று மோதிரம், வாய் ஓரத்தில் எலும்பு. காதில் போனைத் தலைகீழாக வைத்திருக்கிறார், அதிலிருந்து ஒரு சிலந்தி இறங்குகிறது. அந்தக் கட்டிலைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறான் ஊன்றுகோல் ஊன்றிய ஓர் எலும்புக்கூட்டு மனிதன், செல்வராசு. அவ்வளவு கேவலமாக ஒரு மனிதனை, அவ்வளவு உண்மையாக, நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. ஊரிலிருந்து எம்.எல்.ஏ. ஒருவர் வருகிறார், ஹால் ஓரத்தில் ஓவியக் கண்காட்சி, அதில் மாஸ்டரின் படங்களும் உண்டு. இந்தப் படம் அங்கே தொங்கினால் மானத்துக்குப் பயந்தாவது தலைவர் அந்த இடத்திலேயே போனை எடுப்பார் என்று நான் கணக்குப் போட்டேன். "பயமா இல்லையா மாஸ்டர்?" என்றேன். "பாரு, நாளைக்கு அவனே இங்க வருவான்," என்றார். எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. ரூமுக்குப் போய் செல்வராசுவிடம், "வெள்ளிக்கிழமை ஹாலுக்கு வந்துரு. ஒன் வெவகாரம் அன்னைக்கு முடியுது," என்று சொல்லியும்விட்டேன்.

மறுநாள் காலையில் கடைக்குள் கால் வைத்தபோதே எலுமிச்சை வாடை.

தலைவர் வந்தார். நான் வெட்டு மேஜையில் குனிந்து நின்றேன். மாஸ்டர் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார். தலைவருக்கு முதலில் முகம் செத்துப்போயிற்று. பிறகு கஷ்டப்பட்டுச் சிரித்தார்.

"வேற யாருக்காச்சும் காட்டுனீங்களா?"

"ஐயாவுக்குத்தான் மொதல் காப்பி. வெளில போகணுமா வேணாமான்னு ஐயாதான் சொல்லணும்."

"அழிச்சிருங்க மாஸ்டர். வெள்ளிக்கிழமை எம்.எல்.ஏ. கையால ஒங்களுக்கு ஒரு பொன்னாடை, 'வளைகுடா ஓவியச் செம்மல்'னு ஒரு பட்டம், நான் ஏற்பாடு பண்றேன்."

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பயந்தவன், விலை போனவன், உலகத்தில் எத்தனையோ பேர். தலைவர் கேட்டது அழிக்க மட்டும்தான். மாஸ்டர்தான் சொன்னார்: "அழிக்கிறதா? அருமையான தகடு ஐயா. தலைய மட்டும் மாத்திக்கலாம். ஐயா இழுத்துக்கிட்டுப் போறாப்ல. அந்தப் பய டிக்கெட்டு மேல படுத்திருக்கறாப்ல."

தலைவர் ஒரு நிமிடம் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. "எவ்வளவு செஞ்சாலும் பத்தாது பத்தாதுங்கறானே, அதையும் போட்டுருங்க," என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தார். சுரண்டும் கத்தியால் இரண்டு தலைகளையும் வழித்தார், பள்ளம் விழுந்த இடத்தைத் தகட்டின் பின்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டி உயர்த்தினார், இரும்புக் கம்பியால் தேய்த்து மெருகு ஏற்றினார். மறுபடியும் மெழுகு பூசி ஊசியால் கீறினார். அதே கவனம், அதே ரசனை, விசில் வேறு. என்னால் பொறுக்க முடியவில்லை. "மாஸ்டர், அவன் கால் போயிரும்," என்றேன்.

"நான் என்ன டாக்டரா?" என்றார், தலையைத் தூக்காமல்.

அச்செடுத்து என் மேஜையில் வைத்தார். டிக்கெட் கட்டிலில் தொப்பை சரியச் சாய்ந்திருப்பவன் இப்போது செல்வராசு. மோதிரங்கள் அவன் விரலில், எலும்பு அவன் வாயில். போனும் சிலந்தியும் ஊன்றுகோலும் மறைந்து, "இன்னும் வேணும்" என்று ஒரு காகிதம் அவன் கையில். கயிற்றைப் பிடித்து வியர்வை சொட்ட இழுப்பவர் தலைவர், முகத்தில் ஒரு மகானின் பொறுமை. கீழே "தொண்டின் பாரம்" என்று தலைப்பு. செல்வராசுவின் தாடை மட்டும், நான் அனுப்பிய போட்டோவில் இருந்த மாதிரியே, ஒரு முடி பிசகாமல் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மவுண்ட் வெட்டினேன். நாலு மூலையும் கச்சிதமாக, மயிரிழை தாண்டாமல். விசா அந்தக் கடையில் இருந்தது, ஊரில் வீட்டுக் கூரை பாதியில் நின்றது, என்னென்னவோ காரணம் எனக்கும் இருந்தது. மாஸ்டர் பார்த்துவிட்டு, "சுத்தமான வேலை," என்று தோளைத் தட்டினார். அது மட்டும் இல்லை. ரூமுக்குப் போய், "வெள்ளிக்கிழமை வராதே," என்று செல்வராசுவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்பானே. வர மாட்டான், கால் வலிக்கும், நடக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்துவிட்டேன்.

வந்தான். சட்டையை இஸ்திரி போட்டு, கட்டின் மேல் சுத்தமான துணி சுற்றி, டாக்ஸியில் தனியாக வந்து இறங்கினான். படத்தைச் சுற்றி ஒரே சிரிப்பு. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் கத்துவான், அட்டையைக் கிழிப்பான், என் சட்டையைப் பிடிப்பான் என்று நான் எதிர்பார்த்தேன், கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன் என்றே சொல்ல வேண்டும். அவனோ சுற்றி நின்றவர்களைப் பார்த்தான், அவர்களோடு சேர்ந்து தானும் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தால் காரியம் ஆகும் என்று நினைத்திருக்கிறான். அப்படியே தத்தித் தத்தித் தலைவரிடம் போய், "படம் நல்லாருக்குங்கய்யா. கம்பெனிக்கு அந்த போனு மட்டும் போட்டுட்டீங்கன்னா..." என்றான்.

தலைவர் எம்.எல்.ஏ. பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, படத்துலேர்ந்து எறங்கியே வந்துட்டான்!"

ஹாலே சிரித்தது. மாஸ்டர் பொன்னாடைக்குள் தோள் குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. என் பல்லும் வெளியே தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ரூமில் யாரும் தலைவருக்குப் போன் செய்யவில்லை. மேலும் ஒரு மாதம் போயிற்று. கிளினிக்கில் கட்டு மாற்றுகிற நர்ஸம்மா ஒருவர், கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம், கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கத்தினார். "இம்புட்டு நாளு என்னல செஞ்சீங்க? ஆஸ்பத்திரி பேப்பர் கையில கெடக்குல்லா? ஓடிப்போனாம்னு சொன்ன அன்னைக்கு இவன் ஆஸ்பத்திரில கெடந்தாம்னு அதுல தேதி போட்டு இருக்கு. அத கொண்டுபோய் லேபர் ஆபீஸ்ல குடுத்தா முடிஞ்சிச்சி. இதுக்குத் தலைவர் எதுக்கு?"

அவர் சொன்னபடி ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் புகார் ரத்தானது. யார் காலிலும் விழ வேண்டியிருக்கவில்லை. முதல் மாதமே ரூமில் இருந்த நாங்கள் எட்டுப் பேரில் யாராவது ஒருவன் போயிருந்தால் முடிந்திருக்கும் வேலை. செல்வராசுவை ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்த மூன்றாம் நாள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் அந்தக் கடையை விட்டு ரியாத் வந்துவிட்டேன். இப்போது இங்கே பத்தா கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. மாஸ்டர் ஓமானில் உள்ள சோஹாருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். தொடர்பு இல்லை, வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"எப்பிட்றா இருக்க?" அதே குரல், அதே உற்சாகம். பழைய தலைவருக்கும் சங்கத்தில் புதிதாகக் கிளம்பியிருக்கும் ஒருவருக்கும் தேர்தல் தகராறாம். புதியவர் இவரிடம் படம் கேட்டிருக்கிறாராம், பழைய தலைவரைக் கிழித்துத் தொங்கவிட வேண்டுமாம். "அந்தப் பய மேட்டர்தான் சரியா வரும். கால எடுத்துட்டாங்களாமே? அத வெச்சுப் போட்டா ஹாலே அழுதுரும் பாரு. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு, எந்தக் கால்? தகட்டுல போடுறது பேப்பர்ல திரும்பி விழும், இடது வலதாயிரும். தப்பாப் போயிட்டா தெரிஞ்சவன் எவனாச்சும் சிரிப்பான்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்ட வேண்டும் என்று நினைத்தேன்.  எதிர்முனையில் அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"இடது," என்றேன்.